பிள்ளைகளைத் தோட்டத்துக்கு அழைத்துச் செல்வோம்

யாழ்ப்பாணத்துக் கமக்காரக் குடும்பமொன்றின் பிள்ளையிடம், "அரிசி எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். முன்பென்றால் வயல், அரிவு வெட்டு, சூடடிப்பு என்று அது கதை சொல்லத் தொடங்கியிருக்கும். நலன்புரி நிலையத்திலும் உறவினர் வளவிலும் வாடகை வீட்டிலும் வளர்ந்த பிள்ளை "சங்கக் கடையிலிருந்து" என்று சொல்லக்கூடும். அதைக் கேட்டு நாம் சிரிக்க வேண்டியதில்லை. பிள்ளை தான் கண்டதைத்தான் சொல்கிறது. அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி என்று நிவாரண அட்டைக்கு அளந்து கொடுத்ததை அப்பா சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தார். நிவாரணம் நின்ற பின் அதே சாமான்கள் காசுக்குக் கடையிலிருந்து வந்தன. நிலமும் கிணறும் மழையும் பிள்ளையின் கண்ணிற் படவேயில்லை.

இது சிறிய குறைபோலத் தோன்றும். ஆனால் நிலத்தை விட்டு வந்த குடும்பத்துக்கு இது பெரிய இழப்பு. காணி இன்றோ நாளையோ திரும்பக் கிடைக்கலாம். அதிலே பயிர் செய்யத் தெரிந்தவரும் விரும்புபவரும் வீட்டில் இல்லையென்றால் கிடைத்த காணியால் என்ன பயன்? ஆகவே, சொந்தக் காணி கையில் இல்லாத காலத்திலும், பிள்ளைகளை அயலிலுள்ள தோட்டத்துக்கும் வயலுக்கும் அழைத்துச் சென்று உணவு விளையும் விதத்தைக் காட்டுவது பற்றி இக்கட்டுரை பேசுகிறது. இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. அரை நாளும் ஒரு நல்ல கமக்காரரின் சம்மதமும் போதும்.

அறுந்துபோனது என்ன?

எமது அப்புமாரும் ஆச்சிமாரும் கமத்தைப் புத்தகத்திற் படிக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன் தகப்பனோடு தோட்டத்துக்குப் போனான். தகப்பன் இறைக்க, அவன் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறினான். பெண்பிள்ளை தாயோடு களை பிடுங்கினாள். வெங்காயம் பிடி கட்டினாள். எந்தப் பாத்திக்கு எவ்வளவு நீர் வேண்டும், எந்த மண் எப்போது உழவுக்குப் பதமாகும், இலை எந்த நிறமானால் கிண்ட வேண்டும் என்பதெல்லாம் கையாலும் காலாலும் வந்த அறிவு.

1990 ஜூன் மாதம் போர் மீண்டும் தொடங்கியபோது, வலிகாமம் வடக்கில் மயிலிட்டி, பலாலி, வசாவிளான், கட்டுவன், காங்கேசன்துறை முதலிய ஊர்களின் மக்கள் தம் வீடுகளையும் செம்மண் தோட்டங்களையும் விட்டு வெளியேறினார்கள். அதே ஆண்டு ஒக்ரோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதுமே எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தது. அவர்களில் பலர் 1996 இல் திரும்பினார்கள். உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்ட ஊர்களின் மக்களுக்கோ திரும்ப வழி இருக்கவில்லை. 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கிலே அரசு சுவீகரிப்பதற்கென அறிவித்தல் ஒட்டிய காணி மட்டும் 6,381 ஏக்கர். 2015 முதல் இப்பகுதிக் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டு வந்துள்ளன. முழுவதும் இன்னும் உரியவர் கைக்கு வந்து சேரவில்லை.

வயதுக் கணக்கைப் பாருங்கள். 1990 இல் 10 வயதுப் பிள்ளையாக வெளியேறியவர் 2015 இல் 35 வயதுத் தாய் அல்லது தகப்பன். தோட்டத்துக்குத் துணை போக வேண்டிய வயது முழுவதும் அவருக்குத் தோட்டமில்லாமலே கழிந்தது. அவருடைய பிள்ளைகளே இன்று பாடசாலைக்குப் போகிறார்கள். ஆகவே கமத்தின் அறிவு பேரப்பிள்ளைக்குக் கிடைப்பதானால், பெரும்பாலும் அப்புவிடமிருந்தும் ஆச்சியிடமிருந்தும் நேரே கிடைக்க வேண்டும். 1990 இல் முழு வலுவோடு தோட்டம் செய்தவர்களுக்கு இன்று எழுபது, எண்பது வயது. எமக்குள்ள காலம் அதிகமில்லை.

பாடசாலை முன்பு செய்த முயற்சி

பிள்ளைகள் அயலிலுள்ள தொழிலைக் கண்டு கற்க வேண்டும் என்பது எமது நாட்டுக்குப் புதிய எண்ணமன்று. 1972 ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தத்தில் தொழில்முன்னிலைப் பாடங்கள் இடைநிலை வகுப்புகளிற் சேர்க்கப்பட்டன. கடற்கரை ஊரில் மீன்பிடி, தோட்ட ஊரில் பயிர்ச்செய்கை என்று ஊரின் தொழிலே பாடமாகலாம் என்பது அதன் கருத்து. அதே காலத்தில் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தபடியால் குடாநாட்டுத் தோட்டக்காரருக்கு நல்ல விலை கிடைத்தது. படித்த இளைஞரும் தோட்டத்தை மதிப்போடு பார்த்த காலம் அது.

எனினும் அம்முயற்சி நிலைக்கவில்லை. 1977 இல் ஆட்சி மாறியபின் அப்பாடங்கள் கைவிடப்பட்டன; இறக்குமதியும் திறந்துவிடப்பட்டது. ஆட்சி மாற்றம் மட்டுந்தான் காரணம் என்று சொல்ல முடியாது. பயிற்சி பெற்ற ஆசிரியர் போதாமலிருந்தனர். பெற்றோரில் பலர், "மண்வெட்டி பிடிக்கவா பள்ளிக்கூடம் அனுப்பினோம்?" என்று நினைத்தார்கள். இதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. தோட்டத்துக்குப் போவது படிப்புக்கு மாற்றீடு என்று பெற்றோர் எண்ணும்படி செய்துவிட்டால் ஒருவரும் பிள்ளையை அனுப்பமாட்டார்கள். வைத்தியராகப் போகும் பிள்ளையும் கணக்காளராகப் போகும் பிள்ளையும் மூன்று வேளை உண்கிறது. உணவு எப்படி விளைகிறது என்று அறிவது எல்லாப் பிள்ளைக்கும் உரியது.

பிற நாடுகளும் இதை உணர்ந்துள்ளன. 1927 இல் யாழ்ப்பாணம் வந்து சென்ற காந்தியடிகள், 1937 இல் வார்தாவில் நடந்த கல்வி மாநாட்டில், கைத்தொழிலையும் உழைப்பையும் நடுவாக வைத்த ஆதாரக் கல்வியை முன்வைத்தார். மிக முன்னேறிய கைத்தொழில் நாடான யப்பான், 2005 இல் உணவுக் கல்விக்கென்றே ஓர் அடிப்படைச் சட்டம் இயற்றியது. நகரத்துப் பிள்ளைகள் வயலையும் தோட்டத்தையும் நேரிற் காண்பது அங்கு ஊக்குவிக்கப்படுகிறது. நிலத்தை விட்டுத் தூரம் போன சமூகங்களே இதைத் தேடிப் போகின்றன. எம்மை நிலத்திலிருந்து தூரப்படுத்தியது போர், தேவை ஒன்றுதான்.

வெங்காயத் தோட்டம் சொல்லும் பாடம்

எங்கே அழைத்துச் செல்வது? உரும்பிராய், கோப்பாய், இணுவில், குப்பிழான், புன்னாலைக்கட்டுவன் என்று வலிகாமத்தின் எந்தச் செம்மண் ஊரிலும் ஒரு வெங்காயத் தோட்டம் காணலாம். அதையே எடுத்துக்கொள்வோம். அங்கே பிள்ளை கற்கக்கூடியவை ஐந்து.

முதலாவது மண். ஒரு பிடி செம்மண்ணைப் பிள்ளையின் கையிற் கொடுத்துக் கசக்கச் சொல்லுங்கள். அதன் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். பல இடங்களில் மண்ணின் ஆழம் சில அடிதான். கல்லை உடைத்துப் பொறுக்கி வரம்பாக அடுக்கி, குழையும் மாட்டெருவும் கொட்டி, தலைமுறை தலைமுறையாக ஆக்கப்பட்ட நிலம் அது. "தோட்டம் கடவுள் தந்தது, ஆனால் கல் பொறுக்கியது உன் கொப்பாட்டன்" என்று பிள்ளைக்குச் சொல்லலாம்.

இரண்டாவது நீர். குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வருடத்துக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதிற் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான மாரியிற் பெய்துவிடுகிறது. அந்த நீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளாற் கீழிறங்கி, பாரமான உப்பு நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் விஞ்ஞானத்தின் பொதுக் கணக்கு. ஆகவே மேலே ஓரடி குறையும்படி தொடர்ந்து இறைத்தால், கீழிருந்து உப்பு நீர் மிக விரைவாக மேலேறும். கிணறு உவராகும். கிணற்றடியில் நின்று இதைக் கேட்கும் பிள்ளை, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு விளையாடப் போகாது.

"அப்பு, ஒருக்கா இறைக்க எவ்வளவு தண்ணி வேணும்?" என்று பிள்ளை கேட்டால் கணக்காகவே சொல்லிக் கொடுக்கலாம். 16 பரப்பு ஓர் ஏக்கர். ஒரு பரப்பு நிலத்தில் ஓரங்குல உயரத்துக்கு நீர் விட ஏறத்தாழ 6,400 லீற்றர் வேண்டும். 16 லீற்றர் வாளியானால் 400 வாளி. துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் இந்த நீரையெல்லாம் மனிதர் தம் உடல் வலுவாலேயே மேலே கொண்டுவந்தார்கள்.

மூன்றாவது விதை. பிள்ளைகள் பலர் வெங்காயம் மாங்காய்போல மேலே காய்ப்பதென்றோ மரவள்ளிக் கிழங்குபோல ஆழத்தில் விளைவதென்றோ நினைத்திருப்பார்கள். ஒரு வெங்காயத்தை நடச் சொல்லுங்கள். அடுத்த பாத்தியில் முற்றிய ஒன்றைக் கிண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று நட்ட இடத்திற் பல கூட்டமாக நிற்பதைக் கண்டால் அதை அவர்கள் மறக்கமாட்டார்கள். பின்பு கொட்டிலுக்கு அழைத்துச் சென்று, பிடி பிடியாகக் கட்டித் தொங்கும் விதை வெங்காயத்தைக் காட்டுங்கள். அடுத்த போகத்துக்கான அதை, வீட்டில் எவ்வளவு பஞ்சம் வந்தாலும் தொடாமல் வைத்திருப்பதே கமக்காரக் குடும்பத்தின் கட்டுப்பாடு. 1990 இலும் 1995 இலும் வெளியேறியபோது எமது பல குடும்பங்கள் விட்டு வந்தவற்றில் இந்த விதையும் ஒன்று.

நான்காவது பசளை. 1990 முதல் 1995 வரையான பொருளாதாரத் தடைக் காலத்தில் யூரியாவும் மண்ணெண்ணெயும் குடாநாட்டுக்கு வருவது தடுக்கப்பட்டது. அப்போது எமது மக்கள் பூவரசங் குழையும் ஆமணக்கங் குழையும் தாழ்த்தினார்கள். சணல் விதைத்து மடக்கி உழுதார்கள். மாட்டுப் பட்டி அடைத்தார்கள். கைவிட்ட துலாவை மீண்டும் நாட்டினார்கள். 2021 இல் நாடு முழுவதிலும் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, சில மாதங்களில் அத்தடை நீக்கப்பட்டபோது, இந்தப் பழைய அறிவின் பெறுமதி மறுபடியும் தெரிந்தது. மறுபுறத்தில், தேவைக்கு மேலே யூரியா போட்டால் நடப்பதையும் பிள்ளை அறிய வேண்டும். அது நைத்திரேற்றாகக் கிணற்று நீரிற் கலக்கிறது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்துள்ள எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். குடாநாட்டின் தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் அது இந்த எல்லையைத் தாண்டியிருப்பது ஆய்வுகளிற் கண்டறியப்பட்டுள்ளது. அப்படிப்பட்ட நீர் கைக்குழந்தைகளுக்கு ஊறு செய்யும்.

ஐந்தாவது கணக்கு. வெங்காயம் நட்டு இரண்டு, இரண்டரை மாதத்திற் கிண்டலாம். அதற்கிடையில் விதை வெங்காயம், உழவுக் கூலி, பசளை, மருந்து, இறைப்புக்கு எண்ணெய் அல்லது மின்சாரம், களை பிடுங்கக் கூலி, காணிக் குத்தகை என்று எவ்வளவு செலவு? திருநெல்வேலிச் சந்தையிலோ மருதனார்மடத்திலோ விற்கும்போது கழிவு போகக் கைக்கு வருவது எவ்வளவு? கமக்காரர் மனமுவந்து சொன்னால் பிள்ளைகள் கொப்பியில் எழுதிக் கூட்டிக் கழித்துப் பார்க்கட்டும். கடையில் விலை ஏறினால் தோட்டக்காரர் பணக்காரர் ஆகிவிடுவார் என்ற எண்ணம் அன்றே மாறும். சோற்றிற் பாதியை வைத்துவிட்டு எழும்பும் பழக்கமும் மாறக்கூடும்.

வயலும் பனையும் பாணும்

தைப் பொங்கலை அண்டிய நாட்களிற் சென்றால் தென்மராட்சியிலும் வடமராட்சியிலும் அரிவு வெட்டைக் காணலாம். மழையை மட்டும் நம்பி விதைக்கும் காலபோக நெல் அது. பங்குனித் திங்கள் காலத்தில் மட்டுவிற் கத்தரிக்காயும், வருடம் முழுவதும் நீர்வேலி வாழைத் தோட்டங்களும் பார்க்கக் கிடைக்கும். பனை வளவொன்றில் பாத்தி போட்ட விதை கிழங்காவதையும், கிழங்கு ஒடியலாவதையும், ஒடியல் மா கூழாவதையும் காட்டலாம். இடப்பெயர்வுகளில் எமது குடும்பங்களின் பசியைத் தீர்த்ததில் பனைக்கும் பங்குண்டு.

பாணைப் பற்றியும் பேசுங்கள். கோதுமை எமது நாட்டில் விளைவதில்லை. மா முழுவதும் வெளிநாட்டுத் தானியத்திலிருந்து வருகிறது. 2022 இல் நாட்டில் அந்நியச் செலாவணி முடைப்பட்டபோது பாணின் விலை எப்படி ஏறியது என்பது பிள்ளைகளுக்கே நினைவிருக்கும். எமது வளவில் விளைவது எது, கப்பலில் வருவது எது என்று பிரித்தறிவதும் கல்வியே.

எப்படி ஒழுங்கு செய்வது?

1. குழு சிறிதாக இருக்கட்டும். 15 பிள்ளைகளுக்கு மேற்பட்டால் பாத்தி மிதிபடும். ஒருவருக்கும் ஒன்றும் கேட்காது. ஞாயிறு பாடசாலை, பங்கின் இளைஞர் குழு, முன்பள்ளித் தாய்மார் சங்கம், மாதர் அபிவிருத்திச் சங்கம் எதுவும் இதை முன்னெடுக்கலாம். எல்லாச் சமயத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2. கமக்காரரிடம் முன்னதாகவே போய்ப் பேசுங்கள். அவருடைய வேலை குழம்பாத நாளையும் நேரத்தையும் அவரே சொல்லட்டும். காலை 6.30 மணிக்குத் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிப்பது நல்லது. அவருடைய நேரம் கூலிக்குரிய நேரம் என்பதை நினைவில் வைத்து, பிள்ளைகளைக் கொண்டு ஒரு மணித்தியாலமாவது களை பிடுங்கியோ குழை சுமந்தோ உதவச் செய்யுங்கள். சும்மா பார்த்து வரும் பிள்ளையைவிட வேலை செய்த பிள்ளை அதிகம் கற்கும்.

3. பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கக் கூடாது. தோட்டக் கிணறுகள் பலவற்றுக்குக் கட்டில்லை. கிணற்றடியில் பெரியவர் ஒருவர் எப்போதும் நிற்க வேண்டும். மருந்து அடித்து ஓரிரு நாட்களே ஆன தோட்டத்துக்குள் பிள்ளைகளை விடாதீர்கள். புதிதாக விடுவிக்கப்பட்ட பகுதியானால், மிதிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்ட காணிதானா என்று கிராம அலுவலரிடம் கேட்டறியாமல் ஓரடியும் வைக்கக் கூடாது. பற்றைக்குள் கிடக்கும் எந்த இரும்பையும் தொடக்கூடாது என்று புறப்படுமுன்னே சொல்லுங்கள்.

4. ஒரே தோட்டத்துக்கு மூன்று முறை போவது மூன்று தோட்டங்களுக்கு ஒவ்வொரு முறை போவதிலும் மேலானது. நடுகையின்போது ஒரு முறை, களை எடுக்கும்போது ஒரு முறை, கிண்டும்போது ஒரு முறை. பயிருக்குக் காலம் வேண்டும் என்பதைப் பிள்ளை வேறெவ்வழியிலும் உணராது.

5. விவசாயப் போதனாசிரியரை அழையுங்கள். கமநல சேவை நிலையத்திற் கேட்டால் அவரைத் தொடர்புகொள்ளலாம். திருநெல்வேலியிலுள்ள விவசாய ஆராய்ச்சி நிலையமும் வளர்ந்த பிள்ளைகள் பார்க்க உகந்த இடம். முன்கூட்டியே எழுதி அனுமதி பெறுங்கள்.

6. திரும்பி வந்தபின் வீட்டில் ஏதாவது ஒன்றை நடச் செய்யுங்கள். காணி இல்லாவிட்டாலும் பழைய உரப்பையில் நாலு மிளகாய்க் கன்று வைக்கலாம். அடுத்த அறுப்பின் பண்டிகையில் அந்தப் பிள்ளை தன் கையால் விளைத்ததை ஆலயத்துக்குக் கொண்டுவரட்டும்.

ஆசிரியர் நீங்களே

இதை வாசிக்கும் உங்களிற் சிலர், "என்னிடம் காணி இல்லை, நான் என்ன காட்டுவது?" என்று நினைக்கலாம். காணி அடுத்தவருடையதாக இருக்கலாம், அறிவு உங்களுடையது. பயணத்துக்கு அப்புவையும் ஆச்சியையும் அழைத்துச் செல்லுங்கள். பேசாமல் இருந்த முதியவர் பாத்தியைக் கண்டதும் குனிந்து மண்ணைத் தொட்டுப் பேசத் தொடங்குவார். அவர் சொல்வதைப் பேரப்பிள்ளை எழுதட்டும்: எங்கள் தோட்டம் எந்த ஊரில், எந்தக் குறிச்சியில், எத்தனை பரப்பு, கிணற்றில் எமக்கு எத்தனை பங்கு, பங்குக்காரர் யார் யார், எந்த நாள் எமது இறைப்பு முறை, வாய்க்கால் எந்தப் பக்கமாக ஓடியது, எல்லையில் நின்றது பூவரசங் கதியாலா, பனையா.

இவை வெறும் பழங்கதையல்ல. விடுவிக்கப்பட்ட ஊர்களில் வீடும் வேலியும் எல்லையும் தெரியாமல் நிலம் மட்டமாகிக் கிடந்ததைத் திரும்பியவர்கள் கண்டார்கள். அப்படியான இடத்தில் கிணற்றை அடையாளம் வைத்துத் தம் காணியைக் கண்டுபிடிப்பவர்கள் பெரும்பாலும் முதியவர்களே. காணி உறுதியில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டிருக்கும். அது எந்தக் கிணறு, எந்த வாய்க்கால் என்று நிலத்திற் காட்ட ஓர் ஆள் வேண்டும். அடுத்த தலைமுறையில் அந்த ஆள் யார்?

வேதாகமத்தில் எரேமியா தீர்க்கதரிசியின் செயல் ஒன்று எழுதப்பட்டிருக்கிறது. பகைவர் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருந்த நாட்களில், அவரே காவலில் இருந்தபோது, ஆனதோத்திலிருந்த தம் உறவினரின் நிலத்தை அவர் 17 சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்கினார். சாட்சிகளை வைத்து உறுதி எழுதி, அது நெடுங்காலம் கெடாமலிருக்க மண்பாண்டத்தில் வைக்கும்படி சொன்னார். மக்கள் மீண்டும் அங்கே வீடும் வயலும் தோட்டமும் கொள்வார்கள் என்ற நம்பிக்கையே அதற்குக் காரணம்.

எமது குடும்பங்களும் ஓடிய ஓட்டத்தில் எதை விட்டாலும் காணி உறுதியை விடவில்லை. பெட்டியிலும் பையிலும் மடியிலும் கட்டிக் காத்தோம். அந்த உறுதியை ஒரு நாள் பிள்ளையின் கையிற் கொடுக்கத்தான் போகிறோம். அதற்கு முன்பு, வருகிற விடுமுறையிலேயே, பிள்ளையை அயலிலுள்ள ஒரு தோட்டத்துக்கு அழைத்துச் சென்று மண்ணைத் தொட வையுங்கள். கொடுக்கப்படுவது இன்னதென்று தெரிந்து அது வாங்கிக்கொள்ளட்டும்.